மூலையில் உட்காராத சுப்புலட்சுமி

மயிலாப்பூரில் 1886-ஆம் ஆண்டு பிறந்தவர் சுப்புலட்சுமி. பதினோரு வயதில் கல்யாணம். கொஞ்ச காலத்திலேயே கணவர் இறந்துவிட்டார்!

அந்தக் காலத்தில் விதவை என்றால் தலையை மழிப்பார்கள். எதிரே வந்தால் அபசகுனம் என்பார்கள். வீட்டு மூலைதான் கதி. ஆனால் தந்தை சுப்பிரமணிய ஐயர் மகளைப் படிக்க வைத்தார். ஊர் வாய் சும்மா இருக்குமா? ஏசியது. மகளோ புத்தகத்தை விடவில்லை.

1911-இல் மாநிலக் கல்லூரியில் படித்து பி.ஏ. தேறினார். தாம் கரையேறியது போதும் என்று இருந்துவிடவில்லை. தம்மைப் போன்ற இளம் விதவைகளை எழும்பூர் வீட்டிலேயே சேர்த்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

ஆட்கள் பெருகினார்கள், வீடு போதவில்லை. திருவல்லிக்கேணிக் கடற்கரை ஐஸ் ஹவுஸ் கிடைத்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்து வைத்த பழைய கட்டிடம் அது. அந்த வியாபாரம் நின்றபின் வேறு கைகளுக்கு மாறியிருந்தது. அங்கே தங்கிப் படித்த பெண்கள் ஆசிரியைகள் ஆனார்கள். சொந்தச் சம்பளத்தில் சாப்பிட்டார்கள்.

1922-இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியின் முதல் தலைவி ஆனார். 1956-இல், எழுபது வயதில், மயிலாப்பூரில் வித்யா மந்திர் பள்ளி தோன்ற முன்நின்றார். 1958-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1969-இல் மறைந்தார்.

நம் வீட்டிலும் திடீரென வேலை போகலாம், வியாபாரம் நொடிக்கலாம். அழுகை வரத்தான் செய்யும். அழுது முடித்ததும், இன்று எதைக் கற்றுக்கொள்ளலாம் என்று பாருங்கள். சுப்புலட்சுமி அதைத்தான் செய்தார்.