பிரபஞ்சம் முழுக்க மணலைக் கொட்டினால்? ஆர்க்கிமிடிஸ் போட்ட 10⁶³ கணக்கு!

ஆர்க்கிமிடிஸ் என்றதும் குளியல் தொட்டியில் இருந்து துள்ளி ஓடியவர்தான் ஞாபகத்துக்கு வருவார். இன்று கிடைக்கும் அவருடைய நூல்கள் எதிலும் அந்தக் கதை இல்லை. இருப்பது அதைவிட சுவாரஸ்யமான ஒரு மணல் கணக்கு. ஸ்கூலில் நம்மைப் படுத்திய அடுக்குக்குறி விதி, அறிவியல் குறியீடு ரெண்டுக்கும் விதை அங்கேதான் இருக்கிறது.

கி.மு. 287 வாக்கில் சிசிலித் தீவின் சிராகூஸ் நகரில் பிறந்தவர். அப்பா ஃபிடியாஸ் வானியலாளர். கடற்கரை மணலை எண்ணவே முடியாது என்று அப்போது பலர் நம்பினார்கள். கடற்கரை என்ன, பிரபஞ்சத்தையே மணலால் நிரப்பினாலும் எண்ணிக் காட்டுகிறேன் என்று அரசர் கெலோனுக்கு ஒரு சின்ன நூல் எழுதினார் ஆர்க்கிமிடிஸ்.

சிக்கல் என்னவென்றால், கிரேக்கர்கள் எண்களை எழுத்துகளால்தான் எழுதினார்கள். பூஜ்யம் போட்டு நீட்டிக்கொண்டே போகும் வசதி கிடையாது. தனிப் பெயர் இருந்த பெரிய எண்ணே 10,000தான். அதை அதாலேயே பெருக்கி, 10 கோடியை (10⁸) ஒரு கட்டமாக வைத்தார். அடுத்த கட்டம் 10¹⁶ வரை, அதற்கடுத்தது 10²⁴ வரை என்று ஏணி மாதிரி ஏறினார்.

இனி கணக்கு. ஒரு கசகசா விதைக்குள் அதிகபட்சம் 10,000 மணல். 40 கசகசாவை வரிசையாக வைத்தால் ஒரு விரல் அகலம். அந்த விட்டமுள்ள உருண்டைக்குள் 40×40×40, அதாவது 64,000 கசகசா. மணலாக மாற்றினால் 64 கோடி. கூடுதலாகவே இருக்கட்டும் என்று 100 கோடி, அதாவது 10⁹ என்று வைத்துக்கொண்டார். இனி விட்டம் 10,000 மடங்கானால் கொள்ளளவு (10⁴)³ = 10¹² மடங்கு. அடுக்கின் அடுக்கைப் பெருக்கு என்ற அதே விதி!

பெருக்கலுக்கும் வழி சொன்னார். 1, 10, 100 என்று போகும் வரிசையில் 100 மூன்றாவது, 1,000 நான்காவது. இடங்களைக் கூட்டி 1 கழித்தால் ஆறு. ஆறாவது இடத்தில் இருப்பது 1,00,000. பெருக்கல் வேலை கூட்டலில் முடிந்துவிட்டது. அடுக்கைத் தலைமேல் சின்னதாக எழுதும் பழக்கம் 1637-ல் தெகார்த் நூலுக்குப் பிறகுதான் பரவியது. இவரோ குறியீடே இல்லாமல், வாக்கியங்களாலேயே இதை நிரூபித்திருக்கிறார்.

பிரபஞ்சத்தின் அளவுக்கு, சூரியன் நடுவில் என்று சொன்ன அரிஸ்டார்க்கஸின் மாடலை எடுத்துக்கொண்டார். அதுதான் ரொம்பப் பெரிசு. விடை: 10⁶³-க்குள் அடங்கிவிடும். அரிஸ்டார்க்கஸின் அந்த நூல் தொலைந்துவிட்டது. அவர் அப்படிச் சொன்னார் என்பதற்கு இன்று முக்கிய சாட்சியே இந்த மணல் கணக்குதான்.

கி.மு. 212-ல் ரோமப் படை சிராகூஸைப் பிடித்தது. ஆர்க்கிமிடிஸ் வடிவமைத்த இயந்திரங்கள் அதுவரை அவர்களைத் தடுத்து வைத்திருந்தன. தளபதி மார்செல்லஸுக்கு அவரை உயிரோடு பிடிக்கத்தான் ஆசை என்கிறார்கள். ஆனால் ஒரு சிப்பாய் வெட்டிவிட்டான். அப்போது அவருக்கு 75 வயது இருக்கலாம்.

கி.மு. 75-ல் அதிகாரியாக சிசிலிக்கு வந்த சிசெரோ அவரது கல்லறையைத் தேடினார். ஊர்க்காரர்களுக்கே அது எங்கே என்று தெரியவில்லை. முட்புதருக்கு மேல் தலைநீட்டிய உருளையும் உருண்டையும்தான் இடத்தைக் காட்டிக்கொடுத்தன.