ரயிலில் ஏற முடியாத சுப்பிரமணிய சிவா

வ.உ.சி., பாரதி, சிவா. இந்த மூணு பேரையும் ஒரே மூச்சுல சொல்லித்தான் நமக்குப் பழக்கம். வ.உ.சி.ன்னா கப்பலும் செக்கும் ஞாபகம் வரும். பாரதின்னா முண்டாசு, மீசை, பாட்டு. சிவான்னா? கொஞ்சம் யோசிப்பீங்க. 'கப்பலோட்டிய தமிழன்' படம் பார்த்தவங்களுக்கு டி.கே.சண்முகம் நடிச்ச வேஷம் ஞாபகம் வரலாம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்களுக்கு 'ஞானபானு' ஒரு மார்க் கேள்வி. அதோட சரி.

இந்தக் கட்டுரையில அவரோட மேடைப் பேச்சை விட அவர் உடம்பைப் பத்தித்தான் அதிகம் சொல்லப் போறேன். ஒரு அரசாங்கம் ஒரு மனுஷனைப் பூட்டி வெச்சா, அவன் உடம்புக்கு யார் பொறுப்பு? சிவாவோட வாழ்க்கை முழுக்க இந்தக் கேள்வி கூடவே வருது.

1884 அக்டோபர் 4ஆம் தேதி, இப்போ திண்டுக்கல் மாவட்டத்துல இருக்கிற வத்தலக்குண்டில் பிறந்தார். வீட்டில் வறுமை. அதனால மதுரை, திருவனந்தபுரம்னு அவர் படிப்பு ஊர் ஊராக அலைந்தது. நம்ம பக்கத்துக்கும் அவருக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. சிவகாசி போலீஸ் அலுவலகத்தில் கொஞ்ச காலம் ஒரு சின்ன வேலையில் இருந்ததாக அவர் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. தாயில்பட்டியிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரமே போயிடுற ஊர்தானே சிவகாசி! அந்த போலீஸ் வேலையில அவர் நிலைக்கவில்லை. பின்னாடி போலீஸ்காரங்களே அவர் பேச்சைக் குறிப்பெடுக்கப் பின்னாலேயே அலைஞ்சாங்க.

திருவனந்தபுரத்தில் இளைஞர்களைச் சேர்த்து 'தர்ம பரிபாலன சமாஜம்' என்று ஒரு அமைப்பை நடத்தினார். திருவிதாங்கூர் சமஸ்தானம் அவரை வெளியேறச் சொன்னது. அங்கிருந்து கிளம்பி, வழியெல்லாம் பேசிக்கொண்டே, தூத்துக்குடி வந்து சேர்ந்தார். அங்கே வ.உ.சி. இருந்தார், சுதேசிக் கப்பல் கம்பெனி இருந்தது. ரெண்டு பேருக்கும் நல்லா ஒத்துப்போச்சு.

1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். தினமும் கூட்டம், தினமும் பேச்சு. ஒரு வாரத்துக்கு மேல் நடந்த ஸ்டிரைக்கின் முடிவில் நிர்வாகம் இறங்கி வந்தது. அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். அடுத்த நாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்துப் போனார்கள்.

ஜூலையில் நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். சிவாவுக்கு 10 வருஷம். வ.உ.சி.க்கு ராஜத்துரோகத்துக்காக 20 வருஷம், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக இன்னொரு 20 வருஷம். அப்பீலில் ரெண்டு பேருக்கும் ஆறு வருஷமாகக் குறைந்தது. வ.உ.சி. கோயம்புத்தூருக்கும் கண்ணூருக்கும் போனார். சிவா திருச்சி சிறைக்கும், பிறகு சேலம் சிறைக்கும் போனார். அப்போ அவருக்கு வயசு 23.

இப்போ கொஞ்சம் நின்னு, அந்தக் காலச் சிறை காகிதத்தில் எப்படி இருந்ததுன்னு பாருங்க. 1894 சிறைச் சட்டப்படி ஒவ்வொரு சிறையிலும் ஒரு ஆஸ்பத்திரி, இல்லைன்னா நோயாளிகளுக்கென்று தனி இடமாவது இருக்கணும். உள்ளே வரும் கைதியை மெடிக்கல் ஆபீசர் பரிசோதிக்கணும். கடின உழைப்பு தண்டனைன்னாலும் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. உழைக்கிற கைதியோட எடையை 15 நாளுக்கு ஒரு முறையாவது பார்த்து, அவனுடைய சீட்டில் எழுதணும். ஒரு வேலை அவன் உடம்பைக் கெடுக்குதுன்னு டாக்டருக்குத் தோணினா, அந்த வேலையிலிருந்து மாத்தணும். எல்லாம் எழுத்தில் இருக்கு. படிச்சா ஏதோ ஐ.எஸ்.ஓ. சர்டிபிகேட் வாங்கின இடம் மாதிரி தோணும்.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருக்கு. ஒரு கைதிக்குக் கசையடி கொடுக்கணும்னாலோ, தண்டனையாகச் சாப்பாட்டைக் குறைக்கணும்னாலோ, முதலில் மெடிக்கல் ஆபீசர் பரிசோதித்து, இவன் உடம்பு தாங்கும் என்று சொல்லணும். நோயைக் குணமாக்க வேண்டிய டாக்டர்தான் அடி வாங்கத் தகுதி இருக்கான்னும் சான்று கொடுத்தார். பல மத்திய சிறைகளில் கண்காணிப்பாளரே ஒரு டாக்டராக, இந்தியன் மெடிக்கல் சர்வீஸ் அதிகாரியாக இருந்தார். வேலை வாங்குற ஆளும் வைத்தியம் பார்க்கிற ஆளும் ஒருத்தரே. கைதி யாரிடம் போய் முறையிடுவான்? 1897ல் ஹாஃப்கின் பிளேக் தடுப்பூசியைத் தன் மேல் போட்டுப் பார்த்த பிறகு, அடுத்ததாகப் பெரிய அளவில் போட்டுப் பார்த்ததும் பம்பாய் பைகுல்லா சிறைக் கைதிகள்கிட்டதான். தடுப்பூசி நல்லா வேலை செஞ்சது, உண்மை. ஆனால் சோதனைக்கு ஆள் தேடும்போது, எண்ணி வெச்ச, வெளியே ஓட முடியாத கூட்டம் சிறையில்தான் கிடைத்தது என்பதையும் மறக்கக் கூடாது.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் சிவா இருந்தார். சிறையில் இருந்த காலத்தில்தான் அவருக்குத் தொழுநோய் வந்தது. அவருக்குக் கொடுத்த கம்பளி வேலையால் வந்ததுன்னு நிறைய பேர் எழுதியிருக்காங்க. இன்றைய மருத்துவம் அதை அப்படியே ஏத்துக்காது. தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருவது. 1873லேயே நார்வேயில் ஹான்சன் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அது ரொம்ப மெதுவாகப் பெருகும். உடம்புக்குள் போய் அறிகுறி தெரியவே சராசரியாக 5 வருஷம், சிலருக்கு 20 வருஷம் கூட ஆகும். 100ல் 95 பேருக்கு இயற்கையாகவே எதிர்ப்புச் சக்தி உண்டு. சிகிச்சை எடுக்காத ஒரு நோயாளியோட நீண்ட நாள் நெருங்கி இருந்தால்தான் பெரும்பாலும் தொற்றும்.

அப்போ சிறை நிரபராதியா? இல்லை. நெரிசல், சத்தில்லாத சாப்பாடு, உடம்பை முறிக்கிற வேலை, இது எல்லாமே எதிர்ப்புச் சக்தியைக் கரைக்கும். கிருமி எந்த நாளில் உள்ளே நுழைந்தது என்று இன்னைக்கு யாராலும் தேதி போட முடியாது. ஆனால் அந்த உடம்பு முழுசாக அரசாங்கத்தோட பொறுப்பில் இருந்த வருஷங்களில் நோய் வெளியே தெரிந்தது. 15 நாளுக்கு ஒரு தடவை எடை பார்க்கணும் என்ற விதி இருந்த இடத்தில்தான் அது நடந்தது.

1912 நவம்பர் 2ஆம் தேதி விடுதலையானார். அடுத்த மாதம் வ.உ.சி. கண்ணூர் சிறையிலிருந்து வெளியே வந்தபோது, வரவேற்கப் பெரிய கூட்டம் இல்லை. காத்திருந்த சிலரில் சிவாவும் ஒருவர் என்றும், நோயால் மாறிப்போன அவர் முகத்தை வ.உ.சி.க்கு முதலில் அடையாளம் தெரியவில்லை என்றும் சொல்வாங்க. நாலரை வருஷத்துக்கு முன்னாடி ஒரே மேடையில் நின்னவங்க!

இதுக்கு அப்புறம் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டாங்க. அவர் சென்னைக்குப் போய் 1913ல் 'ஞானபானு' பத்திரிகையைத் தொடங்கினார். பாரதியும் வ.உ.சி.யும் அதில் எழுதினார்கள். பிற மொழி கலக்காமல் தமிழில் எழுதினால் பரிசு என்று அந்தப் பத்திரிகையில் அறிவித்தவர் அவர். இந்தக் கட்டுரையை அனுப்பியிருந்தால் எனக்குப் பைசா தேறியிருக்காது. 1915ல் மனைவி மீனாட்சி இறந்தார். அதுக்குப் பிறகும் பத்திரிகை, நாடகம், ஊர் ஊராகப் பேச்சு என்று ஓடிக்கொண்டே இருந்தார். 1921ல் மறுபடியும் ராஜத்துரோக வழக்கு, மறுபடியும் சிறை.

நோய் முற்ற முற்ற, அரசாங்கம் பொது சுகாதாரம் என்ற பேரில் அவர் பக்கம் திரும்பியது. 1898 தொழுநோயாளர் சட்டப்படி, புண்ணோடு தெருவில் பிச்சை எடுக்கிற தொழுநோயாளியை போலீஸ் வாரண்ட் இல்லாமலே பிடித்து விடுதியில் அடைக்கலாம். வாடகை வண்டியில் ஏறக் கூடாது, பொதுக் கிணத்தில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்றெல்லாம் தடை போடவும் அதில் வழி இருந்தது. தொற்றுநோய் உள்ளவர் அனுமதி இல்லாமல் ரயிலில் போவதை ரயில்வே சட்டம் தடுத்தது. சிவாவை ரயிலில் ஏறக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.

யோசிச்சுப் பாருங்க. உள்ளே இருந்தப்போ அவர் உடம்பைக் காப்பாத்த ஒரு சட்டம் இருந்தது. அது அவருக்கு உதவவில்லை. வெளியே வந்த பிறகு மத்தவங்களை அவரிடமிருந்து காப்பாத்த இன்னொரு சட்டம் வந்தது. அது கச்சிதமாக வேலை செய்தது. ஊர் ஊராகப் போய்ப் பேசுவதே வேலையாக இருந்த ஒரு மனுஷனுக்கு, ரயிலை நிறுத்துவது வாயைக் கட்டுவது மாதிரிதான்.

அவர் வாய் மூடவில்லை. நடந்தார், மாட்டு வண்டியில் போனார். புண்களைத் துணியால் சுற்றிக்கொண்டு கூட்டங்களில் பேசினார். தர்மபுரி பக்கம் பாப்பாரப்பட்டியில் நிலம் வாங்கி, பாரதபுரம் என்று பெயர் வைத்து, பாரதமாதாவுக்கு ஒரு கோயில் கட்ட ஆசைப்பட்டார். 1923ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கோயிலை அவர் கண்ணால் பார்க்கவில்லை. கடைசியில் மதுரையிலிருந்து, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பாப்பாரப்பட்டிக்கு வந்து சேர்ந்தார். 1925 ஜூலை 23 அதிகாலை அங்கேயே இறந்தார். 41 வயசு கூட முடியவில்லை.

அவர் காலத்தில் இந்த நோய்க்கு இருந்த முக்கியமான மருந்து நீரடிமுத்து எண்ணெய். அது பெரிதாக உதவவில்லை. 1940களில் டாப்சோன் வந்தது. நம்ம செங்கல்பட்டிலேயே அதைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. 1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த பிறகு, 6 மாசத்திலோ 12 மாசத்திலோ முழுசாகக் குணமாகுது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். உணர்ச்சி இல்லாத தேமல் மாதிரி ஏதாவது யாருக்காவது இருந்தால் தயங்காமல் காட்டச் சொல்லுங்க. ஆனால் அந்த 1898 சட்டம் 2016ல்தான் ரத்தானது. மருந்து வந்து பல பத்து வருஷம் கழிச்சு! இப்போ ரயில்வே, தொற்று நீங்கிய தொழுநோயாளிகளுக்குக் கட்டணச் சலுகை கொடுக்குது.

கடைசியா நம்ம ஊர் விஷயம். தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, சிவகாசி பக்கம் 'மருந்து'ன்னா முதலில் ஞாபகம் வர்றது பட்டாசு மருந்துதான். ஒரு ரூமில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்று விதி இருக்கு. அபாயகரமான தொழிலில் இருப்பவங்களுக்கு வேலைக்குச் சேரும் முன்பும், பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவதும் மருத்துவப் பரிசோதனை செய்யணும். அந்தப் பதிவு வைக்கணும். தொழிலாளி கேட்டால் காட்டணும். பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் 41சி பிரிவு இதைத்தான் சொன்னது. பட்டாசுத் தொழிலாளி கைதி இல்லை, இது வெள்ளைக்காரன் ஆட்சியும் இல்லை. ஆனால் எழுதி வெச்ச விதிக்கும் ரூமுக்குள் நடப்பதுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்னு நம்ம பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னும் சில மாசத்தில் நம்மில் பலர் ஏதோ ஒரு ஃபேக்டரியில் சேஃப்டி ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுற இடத்தில் இருப்போம். எடையைப் பார்க்காமல் எண்ணை எழுதுவது ரொம்பச் சுலபம். அந்த வரிக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்கார் என்பதை மட்டும் மறக்காமல் பேனாவை எடுங்க.