பீரங்கி முழங்கிய வேளையில் பொருளாதாரப் பாடம்

1868-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4-ஆம் தேதி. இன்று டோக்கியோ என்று வழங்கும் எடோ நகரில் காலை முதலே பீரங்கிகள் முழங்கிக்கொண்டிருந்தன. ஜப்பானை இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்ட ஷோகன்களின் ஆட்சி முடிந்துவிட்டது. அந்த ஆட்சிக்காகக் கடைசிவரை போராடத் துணிந்த வீரர்கள் உயெனோ குன்றில் கூடியிருந்தார்கள். சக்கரவர்த்தியின் படை அவர்களை வளைத்துக்கொண்டது. நாடகக் கொட்டகைகள் மூடிவிட்டன. சாப்பாட்டுக் கடைகள் மூடிவிட்டன. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

சண்டை நடந்த இடத்திலிருந்து சுமார் 8 கிலோ மீட்டர் தூரத்தில் ஒரே ஒரு பள்ளிக்கூடம் மட்டும் அன்று திறந்திருந்தது. மாணவர்கள் இடையிடையே கூரைமேல் ஏறிப் புகை எழுவதைப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து உட்கார்ந்தார்கள். ஆசிரியர் பாடத்தை நிறுத்தவில்லை. அவர் கையில் இருந்தது போர்க்கலை நூல் அன்று; வேதாந்த நூலும் அன்று. பொருள்கள் எப்படி உற்பத்தியாகின்றன, எப்படிக் கைமாறுகின்றன என்று விளக்கும் அமெரிக்கப் பாடநூல் அது. எழுதியவர் பிரான்சிஸ் வேலண்ட்.

அந்த ஆசிரியர்தான் புகுசாவா யுகிச்சி. வியாபாரம் என்றாலே முகம் சுளித்த ஒரு வீரர் குலத்தில் பிறந்து, வியாபாரத்தைப் பள்ளிக்கூடப் பாடமாக்கிய மேதை அவர்.

வாய்பாடு சொன்ன வாத்தியார்

புகுசாவா 1835-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி ஒசாகா நகரில் பிறந்தார். தகப்பனார் ஹ்யாகுசுகே, நகாட்சு என்ற சிற்றரசில் கீழ்த்தர சாமுராய். அந்தக் காலத்தில் வரி பெரும்பாலும் நெல்லரிசியாகவே வசூலாகும். சிற்றரசர்கள் அந்த அரிசியை ஒசாகாவுக்குக் கப்பலில் அனுப்பி விற்றுப் பணமாக்குவார்கள். அதற்காகவே அங்கே அவரவருக்குக் கிடங்கு இருந்தது. நகாட்சுவின் கிடங்கில்தான் ஹ்யாகுசுகேக்கு உத்தியோகம். பணக்கார வியாபாரிகளிடம் கடன் பேசுவதும் தவணை கேட்பதும் அவர் வேலை.

கிடங்குக்கு அருகில்தான் பிரசித்தி பெற்ற டோஜிமா அரிசிச் சந்தை. 1730-ஆம் ஆண்டிலேயே அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்றது. அரிசி மூட்டையைக் கண்ணால் பாராமலே, பின்னால் வரப்போகும் அரிசிக்கு இன்றே விலை பேசி வியாபாரம் நடந்த இடம். விளைச்சல் பெருகி வரத்து அதிகமானால் விலை சரியும். அரிசியையே சம்பளமாக வாங்கிய சாமுராயின் வீட்டில் கஷ்டம் வரும். விளைச்சல் குறைந்து கிராக்கி ஏறினால் ஊர் ஜனங்கள் வாடுவார்கள். வாள் ஏந்திய வீரனின் அன்றாட வாழ்வையும் இந்தச் சந்தைதான் நிர்ணயித்தது. ஆனால் அதைப் பற்றிப் பேசுவதே இழுக்கு என்று சாமுராய்கள் எண்ணினார்கள்.

ஹ்யாகுசுகேயும் அப்படித்தான். பழைய சீன நூல்களில் தோய்ந்தவர் அவர். மூத்த குழந்தைகளை ஒரு வாத்தியாரிடம் படிக்க அனுப்பினார். ஒசாகா வியாபாரிகளின் ஊர் அல்லவா? வாத்தியார் குழந்தைகளுக்குப் பெருக்கல் வாய்பாடு சொல்லிக்கொடுத்தார். செய்தி தகப்பனார் காதில் விழுந்தது. சின்னக் குழந்தைகளுக்குக் கடைக்காரன் கணக்கைக் கற்றுத்தருவதாவது என்று கொதித்து, பிள்ளைகளை அன்றே நிறுத்திவிட்டார்.

யுகிச்சிக்கு இரண்டு வயது நிரம்புமுன் தகப்பனார் காலமானார். தாயார் ஐந்து குழந்தைகளுடன் சொந்த ஊரான நகாட்சுவுக்குத் திரும்பினார். வறுமை வாட்டியது.

பட்டப்பகலில் கடைக்குப் போன சிறுவன்

நகாட்சுவில் ஒரு விசித்திர வழக்கம் இருந்தது. ஏழைச் சாமுராய்கள் வேலைக்காரன் வைக்க வசதியில்லாமல் தாங்களே கடைக்குப் போகவேண்டியிருந்தது. அது அவமானம் என்று கருதி, இருட்டிய பிறகு முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு போவார்கள். சிறுவன் யுகிச்சி அப்படிச் செய்யவில்லை. இடுப்பில் வாளும் கையில் புட்டியுமாகப் பட்டப்பகலில் கடைத்தெருவுக்குப் போனான். காசு கொடுத்துப் பொருள் வாங்குவதில் என்ன வெட்கம் என்பது அவன் எண்ணம்.

ஒருநாள் அண்ணன், பெரியவனானால் என்ன ஆக விருப்பம் என்று கேட்டார். ஜப்பானிலேயே பெரிய பணக்காரனாகி, வேண்டிய மட்டும் செலவு செய்ய ஆசை என்றான் தம்பி. அண்ணன் முகம் கடுத்தது, திட்டு கிடைத்தது.

பணத்தை வெறுக்காத அந்தச் சிறுவனுக்கு, பணத்தில் நேர்மை என்ன என்பதைத் தாயார் கற்பித்தார். குடும்பம் கஷ்டத்தில் இருந்தபோது தெரிந்தவர்கள் சேர்ந்து ஒரு சீட்டு நடத்தி உதவினார்கள். அதில் ஒரு வியாபாரி தம் பங்கான 2 ஷூ நாணயத்தைத் திருப்பி வாங்காமல் விட்டுவிட்டார். சுமார் பத்து ஆண்டுகள் கழித்துக் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், தாயார் யுகிச்சியை அனுப்பி அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். வியாபாரி வேண்டாம் என்று மறுத்தார். சிறுவன் விடாப்பிடியாக நின்று கொடுத்துவிட்டே வந்தான். எவ்வளவு காலமானாலும் கடன் கடன்தான் என்ற பாடம் அவன் மனத்தில் பதிந்தது.

கறுப்பு மை தடவிய சொல்

1854-ஆம் ஆண்டில் நாகசாகிக்குப் போய் டச்சு மொழி கற்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஒசாகாவில் ஒகாட்டா கோவான் என்ற வைத்தியர் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். 1858-ஆம் ஆண்டு எடோவில் தாமே ஒரு சிறு பள்ளி தொடங்கினார். மறு ஆண்டு, அந்நியருக்குத் திறக்கப்பட்ட யோகஹாமா துறைமுகத்தைப் பார்க்கப் போனவருக்கு ஓர் அதிர்ச்சி. கடைகளின் பெயர்ப் பலகைகள் ஒன்றும் புரியவில்லை. அங்கே வியாபாரம் செய்தவர்களின் பேச்சும் விளங்கவில்லை. ஆண்டுக்கணக்கில் பாடுபட்டுக் கற்ற டச்சு அங்கே செல்லவில்லை. சோர்ந்துவிடாமல் உடனே ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டார். 1860-இல் அமெரிக்கா, 1862-இல் ஐரோப்பா, 1867-இல் மீண்டும் அமெரிக்கா என்று மூன்று முறை கடல் கடந்தார்.

ஷோகன் அரசில் அவர் மொழிபெயர்ப்பாளராக இருந்த நாளில் நடந்த ஒரு சம்பவம் சுவையானது. இங்கிலாந்தில் பள்ளி மாணவருக்காகச் சேம்பர்ஸ் பதிப்பகம் வெளியிட்ட பொருளாதாரப் பாடநூல் ஒன்று அவரிடம் இருந்தது. நிதி இலாகாவின் பெரிய அதிகாரி ஒருவர் அதைப் பற்றிக் கேள்விப்பட்டு, பொருளடக்கத்தையாவது மொழிபெயர்த்துத் தரும்படி கேட்டார். அதில் வியாபாரப் போட்டி என்று பொருள்படும் சொல் வந்தது. ஜப்பானிய மொழியில் அதற்குச் சரியான சொல் இல்லை. புகுசாவா சிந்தித்து, ஓடுவது என்ற பொருளையும் சண்டையிடுவது என்ற பொருளையும் இணைத்து 'கியோசோ' என்று ஒரு புதிய சொல்லை உண்டாக்கினார்.

அதிகாரி திகைத்துப் போனார். சண்டை என்ற சொல் அமைதிக்கு விரோதமாக இருக்கிறதே என்றார். புகுசாவா பொறுமையாக விளக்கினார். இது புதிய விஷயமே அல்ல. பக்கத்துக் கடைக்காரன் விலையைக் குறைத்தால் இவனும் குறைக்கிறான். ஒருவன் நல்ல சரக்கு வைத்தால் மற்றவன் அதைவிட நல்ல சரக்கு வைக்கிறான். இப்படித்தான் சந்தையில் விலை நிற்கிறது என்றார். அதிகாரிக்கு விஷயம் புரிந்தது. ஆனாலும் அந்தச் சொல்லோடு மேலிடத்துக்குக் காட்டமுடியாது என்று கையை விரித்துவிட்டார். கடைசியில் புகுசாவா அந்தச் சொல்லின் மேல் கறுப்பு மை தடவிக் கொடுத்தார். மை தடவப்பட்ட அதே சொல்தான் இன்று ஜப்பானில் பத்திரிகையிலும் பாடநூலிலும் சர்வ சாதாரணமாக வழங்குகிறது.

காணிக்கை போய்க் கட்டணம் வந்தது

1868-இல் பள்ளி ஷிபா பகுதிக்கு மாறியது. அப்போது நடந்த கெயோ சகாப்தத்தின் பெயரால் அதற்குக் கெயோ கிஜுகு என்று பெயர் வைத்தார். நாட்டுக் குழப்பத்தில் மாணவர் தொகை ஒரு சமயம் 18 ஆகக் குறைந்திருந்தது. உயெனோ சண்டையன்று மாணவர்களுக்கு அவர் தைரியம் சொன்னார். நெப்போலியன் காலத்தில் ஹாலந்து தேசமே பறிபோனபோதும், நாகசாகித் துறைமுகத்தின் டெஜிமா தீவில் டச்சுக் கொடி மட்டும் இறங்காமல் பறந்தது. அதுபோல இந்தப் பள்ளி இருக்கும்வரை ஜப்பானில் புதிய கல்வி அற்றுப்போகாது என்றார்.

இரண்டாம் அமெரிக்கப் பயணத்தில் அவர் பாடநூல்களைப் பிரதி பிரதியாக வாங்கி வந்திருந்தார். அதுவரை மாணவர்கள் புத்தகத்தைக் கையால் எழுதிப் படித்தார்கள். இப்போது ஆளுக்கு ஒரு பிரதி கையில் கிடைத்தது.

1869-இல் இன்னொரு புதுமையும் செய்தார். ஆசிரியருக்குக் காகிதத்தில் மடித்துக் காணிக்கை வைப்பது பழைய வழக்கம். எவ்வளவு என்று கேட்பதும் சொல்வதும் பண்பல்ல. புகுசாவா இதை ஒழித்தார். ஒவ்வொரு மாணவனும் மாதம் 2 பூ கட்டணம் செலுத்தவேண்டும் என்று திட்டம் செய்தார். அலங்கார மடிப்பு வேண்டாம். அதிகமாகக் கொடுத்தால் மீதியைத் திருப்பித் தருவோம் என்று அறிவித்தார். கற்பிப்பதும் ஓர் உழைப்பு. உழைப்புக்குக் கூலி வாங்குவதில் இழிவில்லை என்பது அவர் கொள்கை. பள்ளியில் சேர்ந்த முதல் நாளே மாணவனுக்கு வியாபாரப் பாடம் கிடைத்துவிட்டது!

பேரேடும் படிப்புதான்

1872-இல் வெளிவரத் தொடங்கிய 'கல்வியை ஊக்குவித்தல்' என்ற அவர் நூல் நாடெங்கும் பரவியது. கடிதம் எழுதுதல், கணக்கு வைத்தல், மணிச்சட்டம் தள்ளுதல், தராசு பிடித்தல் ஆகிய அன்றாட வித்தைகளே முதலில் கற்க வேண்டியவை என்று அதில் வற்புறுத்தினார்.

1873, 1874 ஆண்டுகளில் அமெரிக்கப் பள்ளிகளுக்காகப் பிரயண்ட், ஸ்டிராட்டன் என்பவர்கள் வெளியிட்ட கணக்குப் பதிவு நூலை மொழிபெயர்த்தார். முதலில் ஒற்றைப் பதிவு, பிறகு இரட்டைப் பதிவு. ஆங்கில இலக்கங்கள் கடைக்காரருக்குத் தெரியாது என்பதால் ஜப்பானிய எண்ணெழுத்துகளிலேயே, மேலிருந்து கீழாகக் கணக்கை அமைத்தார். ஜப்பானில் படித்தவர்கள் ஏழைகளாகவும் பணக்காரர்கள் படிப்பற்றவர்களாகவும் இருப்பதன் காரணத்தை முன்னுரையில் ஆராய்ந்தார். படித்தவர் வியாபாரத்தை இகழ்ந்தார்கள்; வியாபாரிகள் படிப்பைத் தேவையற்றதென்று விட்டார்கள். பேரேடும் ஒரு சாஸ்திரம்தான் என்று இருசாராரும் உணரவேண்டும் என்பது அவர் நோக்கம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தமக்குக் கணக்கு எழுதும் சாமர்த்தியம் அடியோடு கிடையாது என்று பிற்காலத்தில் அவரே தம் வரலாற்றில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

1874-இல் வியாபாரப் பள்ளி ஒன்று நிறுவ மோரி அரினோரி முயன்றபோது, அதற்கான வேண்டுகோளை எழுதிக் கொடுத்தவர் புகுசாவா. வாளால் போர் நடந்த காலத்தில் வாள்வித்தை கற்காமல் களம் புக முடியாது. வியாபாரத்தால் தேசங்கள் மோதும் காலத்தில் வியாபாரம் கற்காமல் முடியுமா என்று கேட்டார். 1875-இல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் இன்று டோக்கியோவின் ஹிட்டோட்சுபாஷி பல்கலைக் கழகமாக வளர்ந்து நிற்கிறது. 1878-இல் கோபே நகரில் ஏற்பட்ட வியாபாரப் பயிற்சிப் பள்ளிக்குக் கெயோவில் படித்தவர்கள் ஆசிரியர்களாகப் போனார்கள். அது இன்றும் வணிக உயர்நிலைப் பள்ளியாக நடக்கிறது. இளம் பிள்ளைகளுக்காகவே எளிய நடையில் ஒரு பொருளாதார நூலை 1877-லும் அதன் இரண்டாம் பாகத்தை 1880-லும் எழுதினார்.

விளம்பரம் எழுதுவது எப்படி?

1882 மார்ச்சில் 'ஜிஜி ஷிம்போ' என்ற தினப் பத்திரிகையைத் தொடங்கினார். மறு ஆண்டு அக்டோபரில் வியாபாரிகளுக்கென்றே ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல சரக்கு வைத்திருந்தும் அது இருப்பதை ஊருக்குச் சொல்லாமல் இருந்தால் பயன் என்ன என்பது அதன் சாரம். கடை வாசல் பலகையைத் தெருவில் போகிறவர்தான் பார்ப்பார். துண்டு நோட்டீஸ் சில தெருக்களோடு நின்றுவிடும். பத்திரிகையோ தூர தேசத்து வீட்டுக்குள்ளும் புகும் என்று எடுத்துக் காட்டினார். விளம்பரத்தைப் புலவரிடம் கொடுத்து அலங்காரமாக எழுதச் சொல்லாதீர்கள். வாங்குகிறவருக்குப் புரியும்படி, பேசுகிற பாஷையில் எழுதுங்கள் என்று யோசனை சொன்னார்.

விளம்பரத்தை ஆதரித்தவர் பொய்யை ஆதரிக்கவில்லை. அந்நாளில் பத்திரிகைகளில் கைகண்ட மருந்து விளம்பரங்கள் மலிந்திருந்தன. அவற்றில் பெரும்பாலானவை நோயைத் தீர்ப்பதும் இல்லை, கெடுப்பதும் இல்லை என்று 1882-லேயே அவர் பத்திரிகை பச்சையாக எழுதியது. மருந்து வியாபாரிகள் வழக்குத் தொடுத்தார்கள். விளம்பர வருமானத்தை நம்பும் எந்தப் பத்திரிகைக்கும் சங்கடமான நிலைமை இது. புகுசாவா பின்வாங்கவில்லை. வழக்கு மேல்கோர்ட்டுகளுக்குப் போய், 1885-இல் நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தில் பத்திரிகைக்கே வெற்றி கிடைத்தது.

மாணவர்களே சாட்சி

அவருடைய மாணவர்கள் சர்க்கார் உத்தியோகத்தை மட்டும் நாடி ஓடவில்லை. வைத்தியரான ஹயாஷி யூதெக்கி 1869-இல் யோகஹாமாவில் தொடங்கிய கடை, மருஜென் என்ற பெயரில் இன்றும் புத்தக வியாபாரத்தில் பெயர் பெற்றது. அவருடைய சகோதரி மகன் நகாமிகாவா ஹிகோஜிரோ, மிட்சுயி வங்கியைச் சீர்திருத்தி நிமிர்த்தினார். 1890-இல் கெயோவில் பல்கலைக் கழகப் பிரிவு தொடங்கியபோது இலக்கியம், சட்டம் ஆகியவற்றுக்குச் சமமாகப் பொருளாதாரமும் ஆசனம் பெற்றது.

அவரிடம் குறை இல்லாமலில்லை. சீனாவையும் கொரியாவையும் பற்றி அவர் பத்திரிகையில் வந்த சில கட்டுரைகள் இன்றளவும் கண்டனத்துக்கு உள்ளாகின்றன. பள்ளியறையில் அவர் செய்த தொண்டை எவரும் மறுப்பதில்லை.

1901-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி, 66-ஆம் வயதில் புகுசாவா மறைந்தார். 1984 முதல் 2024 வரை 40 ஆண்டுகள் ஜப்பானின் மிகப் பெரிய நோட்டான 10,000 யென் நோட்டில் அவர் உருவம் வெளியிடப்பட்டு வந்தது. மகன் வாய்பாடு படிப்பதையே இழிவென்று நினைத்த தகப்பனாருக்கு இப்படி ஒரு பிள்ளை!

பீரங்கி முழங்கிய அந்த நாளைக் கெயோ இன்றும் மறக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மே 15-ஆம் தேதி, பழைய ஜப்பானியப் பஞ்சாங்கப்படி அந்தச் சண்டை நடந்த நாளில், வேலண்ட் நூலைப் பாடம் சொன்ன நினைவாக அங்கே ஒரு சொற்பொழிவு நடைபெறுகிறது.