கை கழுவச் சொன்ன டாக்டருக்கு நேர்ந்த கதி!

1846. வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள். ஒன்றில் டாக்டர்கள், மாணவர்கள். இன்னொன்றில் மருத்துவச்சிகள். ஆச்சரியம் என்னன்னா, டாக்டர்கள் பார்த்த வார்டில்தான் பிரசவக் காய்ச்சலில் அதிகப் பெண்கள் இறந்தார்கள். அங்கே அனுப்பாதீங்க என்று கர்ப்பிணிகள் கெஞ்சுவார்களாம்.

அந்த வார்டில் வேலைக்குச் சேர்ந்தவர் ஹங்கேரியில் பிறந்த இக்னாஸ் செம்மல்வைஸ். வயது 28. என்னென்னவோ மாற்றிப் பார்த்தார், காரணம் பிடிபடவில்லை. 1847-ல் அவரது நண்பரான பேராசிரியர் கோலெட்ச்கா, பிரேதப் பரிசோதனையில் மாணவர் ஒருவரின் கத்தி பட்டு இறந்தார். அவர் உடலும் பிரசவக் காய்ச்சலில் இறந்த பெண்களின் உடல் மாதிரியே இருந்தது. அங்கேதான் பொறி தட்டியது. டாக்டர்கள் பிணத்தை அறுத்த கையோடு வந்து பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலையே இல்லை.

குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் எல்லோரையும் கை கழுவ வைத்தார். அட, நம்ம பிளீச்சிங் பவுடர்தான். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த மரணம், ஜூனில் சுமார் 2 சதவீதம்.

கொண்டாடினார்களா? கிருமி பற்றித் தெரியாத காலம். தங்கள் கைதான் கொன்றது என்பதை சீனியர்கள் பலர் ஏற்கவில்லை. 1849-ல் வேலையும் போனது. அவர் மேலேயும் தப்பு இருக்கு: புத்தகம் எழுதவே 1861 ஆகிவிட்டது, எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்றே கடிதங்களில் திட்டினார்.

1865 ஜூலையில் மனநலக் காப்பகத்தில் சேர்த்தார்கள். இரண்டே வாரம். காயத்தில் சீழ் பிடித்து, அது ரத்தத்தில் பரவி, ஆகஸ்ட் 13-ம் தேதி இறந்தார். வயது 47.

அதற்கு முந்தைய நாள்தான் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர், கால் உடைந்த ஒரு சிறுவனின் காயத்தில் கிருமி சேராமல் இருக்க கார்பாலிக் அமிலம் வைத்துக் கட்டினார். அவன் பிழைத்துக்கொண்டான்.