செலோபேன் கொடுத்த ஆறு வருஷம்

ஐன்ஸ்டீன் நாக்கை நீட்டிக்கிட்டு இருக்கிற போட்டோவை எத்தனை ஹாஸ்டல் ரூம் சுவரில் பார்த்திருப்பீங்க? அது எடுத்தது 1951 மார்ச் 14, அவருடைய 72-வது பிறந்தநாளில். அந்தப் போட்டோவில் தெரியாத ஒன்று உண்டு. அப்போது அவர் வயிற்றுக்குள் இருந்த பெருந்தமனியைச் சுற்றி செலோபேன் தாள் இருந்தது. ஆமாங்க, பரிசுப் பெட்டிக்குச் சுத்துவோமே, அதே வகைத் தாள்தான்!

1879-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் பிறந்தது, 1905-இன் கட்டுரைகள், நோபல் பரிசு, 1933-இல் அமெரிக்கா போனது எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது அவருடைய கடைசி ஆறு வருஷக் கதை.

அவருக்கு அடிக்கடி மேல்வயிற்றில் கடுமையான வலி, கூடவே வாந்தி. 1948 டிசம்பரில் புரூக்ளின் யூத மருத்துவமனையில் ருடால்ஃப் நிஸ்ஸன் வயிற்றைத் திறந்து பார்த்தார். பித்தப்பை நன்றாக இருந்தது. பெருந்தமனிதான் பம்ப்ளிமாஸ் பழம் மாதிரி வீங்கியிருந்தது.

இது ஏன் ஆபத்து? 'தின் சிலிண்டர்' பாடத்தை ஞாபகப்படுத்திக்கோங்க. ஹூப் ஸ்ட்ரெஸ் என்பது அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கி, சுவரின் தடிமனால் வகுப்பது. குழாய் வீங்க வீங்க ஆரம் கூடும், சுவர் மெலியும். ரெண்டுமே ஸ்ட்ரெஸ்ஸை ஏற்றிவிடும். அதனால் இன்னும் வீங்கும். ஒருநாள் வெடிக்கும்.

வீங்கிய பகுதியை வெட்டி எடுத்து மாற்றுவது அன்று நடைமுறையில் இல்லை. பாரிஸில் துபோஸ்ட் அதைச் செய்து காட்டியது 1951-இல்தான். நிஸ்ஸன் செய்தது ஒரு சாமர்த்தியமான வேலை. செலோபேன் உறுத்தினால் சுற்றியுள்ள திசு தழும்பாகித் தடிக்கும். அதாவது சூத்திரத்தில் அந்தத் தடிமனை மட்டும் கூட்டப் பார்த்தார். நம்ம ஊர்ல ஒழுகுற பைப்புக்கு ரப்பர் சுத்துவாங்களே, கிட்டத்தட்ட அதே புத்தி. என்ன, இங்கே உடம்பே தன் ரப்பரை வளர்த்துக்கணும்.

இது நிரந்தரத் தீர்வு இல்லை என்று ஐன்ஸ்டீனுக்குத் தெரியும். 1950 மார்ச்சில் உயில் எழுதிவிட்டார். ஆனால் மூலையில் உட்காரவில்லை. பக்கவாதத்தில் படுத்துவிட்ட தங்கை மாயாவுக்கு, 1951-இல் அவர் இறக்கும்வரை, ராத்திரி ராத்திரி புத்தகம் வாசித்துக் காட்டினார். 1952-இல் இஸ்ரேலின் ஜனாதிபதி பதவி தேடி வந்தபோது மறுத்துவிட்டார். ஒருங்கிணைந்த புலக் கோட்பாட்டோடு மல்லுக்கட்டுவதை விடவே இல்லை. அது கடைசிவரை கைகூடவில்லை என்பது வேறு விஷயம். ஒரு ஆபரேஷனுக்குப் பிறகு நோயாளி எத்தனை வருஷம் இருந்தார் என்று எண்ணுகிறோம். அந்த வருஷங்களில் அவர் அவராகவே இருந்தாரா என்று கேட்பதும் அதே அளவுக்கு முக்கியம்னு எனக்குத் தோணுது.

1955 ஏப்ரல் 11 அன்று அணு ஆயுதங்களுக்கு எதிரான ரஸ்ஸல் அறிக்கைக்கு ஒப்புதல் கொடுத்துக் கையெழுத்திட்டார். அடுத்த சில நாட்களில் தமனி கசிந்தது. இப்போது மாற்றும் ஆபரேஷன் வந்துவிட்டது. நியூயார்க்கிலிருந்து அறுவை மருத்துவரும் வந்து பார்த்தார். ஐன்ஸ்டீன் வேண்டாம் என்றார். செயற்கையாக நாளை நீட்டுவதில் அவருக்கு விருப்பமில்லை. தைரியமா, பிடிவாதமா? வகுப்பில் கேட்டால் பாதிக்குப் பாதி பிரிவோம்.

பிரின்ஸ்டன் மருத்துவமனைப் படுக்கையில் அவர் கேட்டது கண்ணாடியும், எழுதும் தாளும், பாதியில் நின்ற கணக்குகளும். மகன் ஹான்ஸ் ஆல்பர்ட் கலிபோர்னியாவிலிருந்து வந்து சேர்ந்தார். ஏப்ரல் 18 அதிகாலை ஒரு மணிக்கு மேல் தமனி வெடித்து உயிர் பிரிந்தது. வயது 76. கணக்குத் தாள்கள் படுக்கைப் பக்கத்திலேயே இருந்தன.