வானேறிய இளைஞர்

கல்கத்தாவில் 1898ஆம் ஆண்டு பிறந்து இலண்டனில் பயின்றவர் இந்திரலால் ராய். முதல் உலகப்போரில் விமானியாக விண்ணப்பித்தவரைப் பார்வைக் குறையைச் சுட்டி மறுத்தனர். அவரோ தம் மோட்டார் சைக்கிளை விற்று, பெயர்பெற்ற கண் மருத்துவரிடம் சான்று பெற்று, 1917இல் பிரித்தானிய வானூர்திப் படையில் அலுவலரானார். இந்தியர்க்கு அப்பதவி மிக அரிதாயிருந்த காலம் அது.

அவ்வாண்டு டிசம்பரில் அவரது விமானம் நொறுங்கியது. இறந்தாரெனப் பிணவறையில் கிடத்தப்பட்டவர் நினைவு திரும்பிக் கதவைத் தட்ட, பணியாளர் திறக்க அஞ்சினார் என்பர். பறக்கத் தகுதியற்றவர் என்ற மருத்துவ முடிவையும் அவர் ஏற்கவில்லை. 1918 ஜூலையில் இரு வாரங்களுக்குள் பத்து வெற்றிகள் அவர் கணக்கில் சேர்ந்தன. அம்மாதம் 22ஆம் நாள் பிரான்சின் வான்பரப்பில் வீழ்த்தப்பட்டபோது அவருக்கு அகவை 19. மறைவுக்குப் பின்னரே டி.எஃப்.சி. பதக்கம் வந்தது. அங்குள்ள அவரது கல்லறையில் வங்க எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன.