சமையலறைக்குக் காவல் தந்த காரிகை

(பத்தாம் வகுப்பு மாணவி)

அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. அந்த அடுப்படிக்குள்ளேயே மின்சாரத்தை ஏவலாளாக அழைத்துவந்து, அதனால் உயிருக்குத் தீங்கு நேராதபடி காவலும் அமைக்கப் பாடுபட்ட பெருமாட்டி ஒருவர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவரே டேம் கரோலின் ஹாஸ்லெட் அம்மையார். அவரது வாழ்க்கையை நாம் சிறிது காண்போம்.

கரோலின் 1895ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் நாள், சசெக்ஸ் பகுதியிலுள்ள வொர்த் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ராபர்ட் ஹாஸ்லெட் ரயில்வேயில் கைகாட்டிகளைப் பொருத்தும் தொழிலாளி. பள்ளிப் படிப்பு முடிந்தபின், கொதிகலன்கள் செய்யும் காக்ரன் கம்பெனியில் கரோலின் அலுவலக வேலைக்குச் சேர்ந்தார். முதல் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குச் சென்றனர். கரோலினோ எழுதுகோலை வைத்துவிட்டுப் பட்டறைக்குள் நுழைந்தார். ஸ்காட்லாந்திலுள்ள அன்னன் நகரத் தொழிற்சாலையில் பொறியியல் பயிற்சியும் பெற்றார்.

1919இல் தோன்றிய பெண் பொறியாளர் சங்கத்திற்கு அவரே முதல் செயலாளர். 1924இல் பெண்களுக்கான மின்சாரச் சங்கம் உருவானபோது, அதன் இயக்குநர் பொறுப்பையும் ஏற்றார். கரி அள்ளியும் புகையில் கண் கலங்கியும் பெண்களின் ஆயுள் கழிவதைக் கண்டு அவர் மனம் வருந்தினார். மின்சாரம் வந்தால் அந்தச் சுமை குறையும்; ஆனால் அதைப் பற்றிய அறிவின்றிக் கையாண்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே இச்சங்கம் ஊர்தோறும் கிளைகள் அமைத்து, சொற்பொழிவுகளாலும் நூல்களாலும் இல்லத்தரசிகளுக்கு மின்சார அறிவை ஊட்டியது.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942ஆம் ஆண்டில், போருக்குப்பின் கட்டப்படும் வீடுகளில் மின் இணைப்பு எவ்வாறு அமையவேண்டும் என்று ஆராய 20 பேர் கொண்ட குழு ஒன்று கூடியது. அதில் ஒரே பெண் உறுப்பினர் நம் கரோலின் அம்மையாரே! குழுவின் அறிக்கை 1944இல் வெளிவந்தது. அதன் பயனாக 1947இல் 13 ஆம்பியர் பிளக்கிற்கும் சாக்கெட்டிற்குமான பிரிட்டிஷ் தரவிதி பிறந்தது.

அதன் நுட்பத்தைப் பாருங்கள்! செம்பு அருமையாயிருந்த காலமாதலால், ஒரே கம்பி வீட்டைச் சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே முடியும் வளைய முறை வகுக்கப்பட்டது. அந்த வளையத்திற்கு 30 ஆம்பியர் ஃபியூஸ் உண்டு. ஆனால் ஒரு சிறு விளக்கின் மெல்லிய கம்பியைக் காக்க அது போதாது. அது எரிவதற்குள் கம்பி தீப்பற்றிவிடும். ஆகவே ஒவ்வொரு பிளக்கினுள்ளும் தனி ஃபியூஸ் வைத்தனர். எர்த் முள் மற்ற இரண்டையும்விட நீளமானது. அது முதலில் நுழைந்தால்தான் மற்ற இரு துளைகளின் உள்மூடிகள் திறக்கும். தவழும் குழந்தை ஆணியையோ ஊசியையோ அத்துளைகளில் நுழைக்க முயன்றாலும் மூடி வழிவிடாது. குழந்தைகளைக் காக்க இம்மூடி வேண்டும் என்பதை அந்த அறிக்கை வலியுறுத்தியிருந்தது.

அம்மையாருக்கு 1947இல் டேம் என்னும் உயர் விருது கிடைத்தது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் மின்சார ஆணையத்தின் ஒரே பெண் உறுப்பினராகவும் அமர்ந்தார். 1957 ஜனவரி 4ஆம் நாள் இயற்கை எய்தினார். தம் உடலை மின்சாரத்தாலேயே தகனம் செய்ய வேண்டும் என்று அவர் விரும்பியிருந்தார், அவ்வாறே நடந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம் தமிழர் இல்லங்களில் இன்றும் அந்தச் சதுர முள் பிளக்கைக் காணலாம்.

இவ்வரலாற்றை நாங்கள் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் அம்மா ஈரக் கையோடு கிரைண்டரைத் தொட்டதும் அலறித் துடித்தார். நாங்கள் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தோம். கடவுள் அருளால் அம்மா பிழைத்தார். பிறகு ஒயர்மேன் சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தார். பிளக்கில் மூன்று முள் இருந்தும், சாக்கெட்டின் உள்ளே எர்த் கம்பி இணைக்கப்படவே இல்லை! அவர் எர்த் கம்பியை இணைத்ததோடு, 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஒன்றையும் பொருத்திச் சென்றார்.

வெளியே தெரியாத ஒரு பச்சைக் கம்பியில் ஓர் உயிர் தொங்குகிறது என்பதை அன்றுதான் உணர்ந்தோம். தோழியரே! மின்பணியை உரிமம் பெற்றவரிடமே ஒப்படைப்போம். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதிருப்போம். பிளக் இல்லாத வெறுங்கம்பியைத் துளையில் செருகி, தீக்குச்சியால் இறுக்கும் வழக்கத்தை விட்டொழிப்போம். இன்று மாலையே நம் வீட்டுச் சமையலறையில் எர்த் உண்டா என்று பெற்றோரிடம் கேட்போம். கரோலின் அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே ஆகும்.